கடைசியாக ஏறுபவன்

ஒட்டடை: …ஜிம்முல அந்த இரும்பு பார்தான் ஒடஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்டா. அந்தச் சத்தம் கேட்டதும் மேல பாத்தேன் பாரு, பாரைத்தான் பாத்தேன். அது பாட்டுக்கு நல்லா இருக்கு. அப்புறம்தான்…

கேப்டன்: போதும். உக்காரு.

ஒட்டடை: இரும்பு ஒடஞ்சா அப்படிச் சத்தம் வரும். கை ஒடஞ்சா அப்படியா வரும்?

கேப்டன்: உக்காருன்னு சொன்னேன். காலை உள்ள இழு. அந்த நர்ஸம்மா ரெண்டு வாட்டி வண்டியை உன் கால்ல இடிச்சிட்டாங்க.

ஒட்டடை: எங்க இழுக்கறது? ஆறடி ரெண்டங்குலத்துக்கு எவனும் பெஞ்சு செய்யறதில்ல. மாஸ்டர் என்னைப் பாத்த முதல் நாளே சொன்னாரு, நீ ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தவன் இல்ல, ஜிம்முக்கு ஒட்டடை அடிக்க வந்தவன்னு.

கேப்டன்: டீ ஆறுது.

ஒட்டடை: நீயே குடி. …நீ எப்படிடா இப்படி உக்காந்திருக்க?

கேப்டன்: எப்படி?

ஒட்டடை: ஒண்ணுமே நடக்காத மாதிரி.

கேப்டன்: கேப்டன்னா நானும் உன்கூட சேந்து அழணுமா? உள்ள பல்லிக்கு மாவுக்கட்டு போட்டுட்டு இருக்காங்க. முடிஞ்சதும் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் பொறு.

ஒட்டடை: அவங்கம்மாகிட்ட நான்தான் பேசினேன்.

கேப்டன்: என்ன சொன்ன?

ஒட்டடை: டூட்டியில இருந்தாங்க. 'படிக்கட்டுல நிக்காதீங்க, உள்ள போங்க'ன்னு யாரையோ அதட்டிக்கிட்டே போனை எடுத்தாங்க. என்னன்னு சொல்றது? சின்ன அடிம்மான்னேன். கடைசி ஸ்டாப்புல பையை ஒப்படைச்சுட்டு வந்துடறேன், அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் அவனைப் பாத்துக்கங்கப்பான்னாங்க. ரெண்டு பேரும்னாங்கடா. உன்னையும் என்னையும். சின்ன அடியா அது? அவன் கீழ விழவே இல்ல. ஒத்தக் கையில தொங்கினான். கை அந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சு, உடம்பு இந்தப் பக்கம்.

கேப்டன்: நானும்தான் அங்க இருந்தேன். எனக்கு எதுக்குச் சொல்ற?

ஒட்டடை: சொல்லலைன்னா கண்ணுக்குள்ளயே நிக்குதுடா. …நாம ரெண்டு பேரும் அவனைத் தூக்கிப் பிடிச்சோம்ல, மாஸ்டர் ஸ்டூல் மேல ஏறி கையில மாட்டியிருந்த தோல் க்ரிப்பைக் கத்திரிக்கோலால வெட்டற வரைக்கும். அப்ப அவன் என் காதுல என்ன சொன்னான் தெரியுமா? 'உங்க உயரம் முதல் தடவையா ஒரு வேலைக்கு ஆச்சுண்ணே'ன்னான். அந்த நேரத்துல. பல்லெல்லாம் அடிச்சுக்குது, கிண்டல் பண்றான்.

கேப்டன்: அவன் அப்படித்தான்.

ஒட்டடை: மூணாவது சுத்துதானே?

கேப்டன்: ஆமா.

ஒட்டடை: ரெண்டு சுத்து அழகா வந்தான். நானே மெத்தையை விட்டுட்டு வாயப் பொளந்து பாத்துட்டு நின்னேன். மூணாவது சுத்துல மேல போய் கீழ வரும்போது கை மட்டும் பாருலயே நின்னுடுச்சு. மாஸ்டர் எத்தனை வாட்டி சொல்லியிருப்பாரு. க்ரிப் தோல் நீளமா இருந்தா பாரைச் சுத்தி மடிஞ்சு அது மேலயே அது சிக்கிக்கும், அப்புறம் கை வராது, நீ மட்டும் சுத்துவேன்னு. நான் கேட்டுட்டு கொட்டாவி விட்டிருக்கேன். இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா.

கேப்டன்: அந்தத் தோல் எங்க?

ஒட்டடை: எது?

கேப்டன்: மாஸ்டர் வெட்டிப் போட்டாருல்ல. மெத்தை மேல கிடந்துச்சு. வண்டி ஏறும்போது பாத்தேன், அங்க இல்ல.

ஒட்டடை: என்கிட்ட இருக்கு.

கேப்டன்: உன்கிட்ட எதுக்கு?

ஒட்டடை: எடுத்தேன். ஏன்னு கேக்காத. ரெண்டும் இருக்கு. இன்னொரு கையில இருந்ததை நர்ஸம்மா கழட்டிக் குடுத்தாங்க.

கேப்டன்: குடு. தூக்கிப் போட்டுடறேன். அவங்கம்மா வந்து அதைப் பாக்க வேணாம்.

ஒட்டடை: முதல்ல நீ பாரு. …இந்தா. அவனோட க்ரிப் புதுசு. மஞ்சளா இருக்கும். இது கருப்பு. செவப்பு நூல் போட்டுத் தச்சது. பாத்தியா?

கேப்டன்: பெரியவர்.

ஒட்டடை: பெரியவரேதான். டிரெஸ்ஸிங் ரூம் ஆணியில தொங்கற நம்ம பெரியவர்.

கேப்டன்: இது எப்படி அவன் கைக்கு வந்துச்சு?

ஒட்டடை: திங்கக்கிழமை நீதானே ஆணியிலேர்ந்து எடுத்து அவன் பையில கட்டிவிட்ட. போட்டியில கடைசியா ஏறறவன்தானே டீமோட நம்பிக்கை. போன வருஷம் கடைசியா ஏறினவன் இந்த வருஷம் கடைசியா ஏறப்போறவனுக்கு எடுத்துக் குடுக்கணும்ல. எல்லாரும் கை தட்டினோமே.

கேப்டன்: பையில கட்டத்தான் குடுத்தேன். கையில போடவா குடுத்தேன்? எந்தக் காலத்துத் தோல் இது. எவனோ ஒருத்தன் மேட்டுக் காலேஜை முதல் தடவை ஜெயிச்சப்ப போட்டிருந்தது. அப்புறம் எவனும் இதைப் போட்டதில்ல. பையில கட்டிக்கிட்டுப் போவோம், ஏறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி தொட்டுக்குவோம், திரும்பி வந்து ஆணியில மாட்டிடுவோம். அவ்வளவுதான். இது இழுத்து இழுத்து எவ்வளவு நீளம் ஆயிடுச்சு, பாரு. ஒரு விரல் அகலம் கூடுதலா தொங்குது.

ஒட்டடை: எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். பல்லிக்கு?

கேப்டன்: அவனுக்கும் தெரியும்.

ஒட்டடை: யாரு சொன்னா? நீ சொன்னியா?

கேப்டன்: இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? கண்ணால பாத்தாலே தெரியாதா?

ஒட்டடை: …கண்ணால பாத்தா தெரியும்தான்.

கேப்டன்: இது மேட்டுக் காலேஜ்காரனுங்க வேலை.

ஒட்டடை: என்னது?

கேப்டன்: செவ்வாக்கிழமை நம்ம பாரை அளந்து பாக்க மூணு பேரு வந்தானுங்கல்ல. தண்ணி குடிக்கிறேன்னு அரை மணி நேரம் டிரெஸ்ஸிங் ரூமுல உக்காந்திருந்தானுங்க. பல்லியோட பை அங்கதான் கிடந்துச்சு. அவன் க்ரிப்பை ஒளிச்சு வச்சுட்டு இதை மேல எடுத்து வச்சிருக்கானுங்க.

ஒட்டடை: டேய்… அவன் நேத்து அவனோட க்ரிப் போட்டுத்தான் பழகினான்.

கேப்டன்: நீ பாத்தியா?

ஒட்டடை: பாத்தேன். பவுடர் தடவி விட்டதே நான்தான்.

கேப்டன்: அப்ப நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் எவனாவது வந்திருப்பான். வண்டியில முன்னாடி உக்காந்து வரும்போதே மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்.

ஒட்டடை: என்ன சொன்ன?

கேப்டன்: யாரோ க்ரிப்பை மாத்தி வச்சிருக்காங்கன்னு. மேட்டுக் காலேஜ் மேலதான் சந்தேகம்னு. அவரு கொதிச்சுப் போயிட்டாரு. இப்ப கீழ நின்னு அவங்க கோச்சுக்குப் போன் பண்ணிட்டு இருப்பாரு.

ஒட்டடை: …வண்டியிலயா சொன்ன?

கேப்டன்: ஆமா.

ஒட்டடை: தோலை நான் இப்பதானே உன்கிட்ட காட்டினேன்.

கேப்டன்: …

ஒட்டடை: வண்டியில வரும்போதே க்ரிப் மாறியிருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

கேப்டன்: வெட்டினவரு மாஸ்டர். அவருதான் சொன்னாரு, தோல் நீளமா இருந்துச்சுடா, அவனோட மாதிரி தெரியலன்னு. அதை வச்சுத்தான் சொன்னேன். என்னடா, போலீஸ் மாதிரி கேக்கற?

ஒட்டடை: இல்லடா. எனக்கு ஒண்ணும் ஓடல. …அவங்க மேல எதுக்குடா சொன்ன? இப்ப பெரிய வம்பாயிடும். சனிக்கிழமை போட்டியே நின்னு போயிடும்.

கேப்டன்: நிக்காது.

ஒட்டடை: எப்படிச் சொல்ற?

கேப்டன்: மாஸ்டர் மெசேஜ் அனுப்பியிருக்காரு. படி.

ஒட்டடை: 'நீதான் கடைசியா ஏறற. மனசைத் தைரியமா வச்சுக்க.' …எப்ப வந்துச்சு இது?

கேப்டன்: டீ வாங்கப் போனப்ப.

ஒட்டடை: உள்ள அவன் கையை இழுத்து வச்சுக் கட்டிட்டு இருக்காங்க. இவரு அதுக்குள்ள ஆள் மாத்தியாச்சா?

கேப்டன்: அஞ்சு பேரு ஏறணும். ஒருத்தன் குறைஞ்சா இன்னொருத்தன். அவரு வேலையை அவரு பாக்கறாரு.

ஒட்டடை: நீ என்ன பதில் போட்ட?

கேப்டன்: சரின்னு போட்டேன்.

ஒட்டடை: சரின்னா?

கேப்டன்: வேற என்னடா போடச் சொல்ற? மாட்டேன்னா?

ஒட்டடை: நான் ஒண்ணும் சொல்லல. உனக்கு இது கடைசி வருஷம். எனக்கும்தான். ஆனா போன வருஷம் பாருலேர்ந்து கை நழுவி விழுந்தவன் நீ. பாயிண்ட் மூணு மார்க்குல தோத்தோம். ஒரு வருஷமா நீ கேன்டீன்ல நிமிந்து உக்காந்து நான் பாத்ததில்ல. ரெண்டு வாரம் முன்னாடி மாஸ்டர் போர்டுல கடைசி இடத்துல இருந்த உன் பேரை அழிச்சுட்டு பல்லி பேரை எழுதினாரே, நீதான் முதல்ல கை தட்டின. அன்னிக்கு உன் மூஞ்சியைப் பாக்க என்னால முடியல.

கேப்டன்: அதை எதுக்கு இப்ப இழுக்கற?

ஒட்டடை: பெரிய மனசுடா உனக்குன்னு சொல்ல வந்தேன். நானா இருந்தா கதவை அடிச்சு சாத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

கேப்டன்: டீயைக் குடி.

ஒட்டடை: டாக்டர் சொன்னது உனக்குத் தெரியுமா?

கேப்டன்: என்ன சொன்னாரு?

ஒட்டடை: நீ டீ வாங்கப் போனப்பதான் வந்தாரு. முன்னங்கையில ரெண்டு எலும்பும் போச்சாம். நாளைக்குக் காலைல ஆபரேஷன். பிளேட் வச்சு முடுக்கணுமாம். நான் கேட்டேன், எப்ப சார் மறுபடி பாரைப் பிடிப்பான்னு. அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. 'முதல்ல அவரு சாப்பிடற ஸ்பூனைப் பிடிக்கட்டும் தம்பி'ன்னாரு. ஸ்பூனுடா. காலைல அஞ்சு விரல்ல தூணைப் பிடிச்சுட்டு நின்ன பய. காலேஜ் சேந்த முதல் நாள் ஜிம் தூண்ல ஏறி மேல ஒட்டிக்கிட்டு இறங்க மாட்டேன்னானே. நீதானே பேரு வச்ச, பல்லின்னு.

கேப்டன்: நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்.

ஒட்டடை: இரு. நான் ஒண்ணு சொல்லணும். நீ அடிச்சாலும் சரி, உதைச்சாலும் சரி.

கேப்டன்: என்ன?

ஒட்டடை: மேட்டுக் காலேஜ்காரனுங்க இல்லடா.

கேப்டன்: என்ன உளறற?

ஒட்டடை: நான்தான்.

கேப்டன்: நீயா?

ஒட்டடை: நேத்து சாயங்காலம் எல்லாரும் போயிட்டாங்க. அவனும் நானும்தான் டிரெஸ்ஸிங் ரூமுல. பையில தொங்கற பெரியவரைத் தடவிக்கிட்டே கேட்டான், இதை என்னண்ணே பண்ணணும்னு. நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்குல சனி. 'போட்டிக்கு முன்னாடி ஒரு நாள் பெரியவரைக் கையில போட்டு மூணு சுத்து சுத்தணும்டா, அப்பதான் நீ கடைசி ஆளு, உங்க கேப்டனும் போன வருஷம் சுத்தினாரு'ன்னு சொன்னேன்.

கேப்டன்: …எதுக்குடா சொன்ன?

ஒட்டடை: விளையாட்டுக்குடா. நாம வந்தப்ப நம்மளை என்னவெல்லாம் பண்ண வச்சாங்க. உன்னை ஜிம்முல தாவற மரக்குதிரைக்கு முன்னாடி நிக்க வச்சு பேரு, ஊரு, அப்பா பேரு சொல்ல வச்சாங்கல்ல. என்னைப் பவுடர் டப்பாவை மோந்து பாத்து தேதி சொல்லச் சொன்னாங்க. அந்த மாதிரிதான். சிரிப்புக்கு.

கேப்டன்: சிரிப்புக்கு.

ஒட்டடை: அவன் நிஜமாவே போட்டுட்டு ஏறுவான்னு நான் நெனைக்கலடா. நெனைச்சேன்… இல்ல, பொய் சொல்லக் கூடாது. போட்டுட்டு வருவான்னுதான் நெனைச்சேன். ஆனா ஏற மாட்டான்னு நெனைச்சேன்.

கேப்டன்: ஏன்?

ஒட்டடை: நீதானே தூக்கி விடுவ. கடைசி ஆளை எப்பவும் கேப்டன்தானே இடுப்பைப் பிடிச்சு பாருக்குத் தூக்கி விடணும். அவன் கிட்ட வந்து நிப்பான், நீ பாப்ப, 'எவன்டா உன்கிட்ட இதைப் போடச் சொன்னான்'னு கத்துவ, ஜிம்மே சிரிக்கும். எனக்கு நூறு தண்டால் குடுப்ப. அவ்வளவுதான் என் கணக்கு. உன்னை நம்பித்தான்டா அந்தப் பொய்யையே சொன்னேன்.

கேப்டன்: நான் பாக்கல.

ஒட்டடை: தெரியும். பாத்திருந்தா விட்டிருப்பியா?

கேப்டன்: கண்ணுல பவுடர் விழுந்திருந்துச்சு. கசக்கிக்கிட்டே இருந்தேன்.

ஒட்டடை: நான் அந்த ஓரமா மெத்தைகிட்ட நின்னேன். அவன் உன் முன்னாடி வந்து நிக்கிறான். நீ எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிற. இப்பக் கத்துவான், இப்பக் கத்துவான்னு வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறேன். நீ தூக்கி விட்டுட்ட. சரி, கேப்டனும் விளையாடறான் போல, அரைச் சுத்துல இறக்கிடுவான்னு நெனைச்சேன். அவன் முழுசா சுத்தறான். கத்தணும்னு வாயத் தெறந்தேன்டா. சிரிக்கத் தெறந்த வாய், சத்தமே வரல. அதுக்குள்ள…

கேப்டன்: விடு.

ஒட்டடை: நீ அடிக்கலையா?

கேப்டன்: எதுக்கு?

ஒட்டடை: ஒரு பயலோட கையை ஒடச்சிருக்கேன். ஒரு அறையாவது விடு. எனக்கு நல்லா இருக்கும்.

கேப்டன்: அடிச்சா எலும்பு ஒட்டிக்குமா? நடந்தது நடந்து போச்சு. இதை யார்கிட்டயும் சொல்லாத.

ஒட்டடை: சொல்லாம? மேட்டுக் காலேஜ் மேல பழி போட்டிருக்க. மாஸ்டர் போன்ல கத்திக்கிட்டு இருக்காரு. நான் இப்பவே கீழ போறேன்.

கேப்டன்: உக்காரு.

ஒட்டடை: விடுடா.

கேப்டன்: உக்காருடா. நீ போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? காலேஜை விட்டே அனுப்புவாங்க. ரெண்டு மாசத்துல பரீட்சை. உங்கப்பா என்ன சொல்வாரு?

ஒட்டடை: செருப்பால அடிப்பாரு. அடிக்கட்டும்.

கேப்டன்: மேட்டுக் காலேஜ் விஷயத்தை நான் பேசி அடக்கிடறேன். அவன் ஆசைப்பட்டு அவனே எடுத்துப் போட்டுக்கிட்டான்னு சொல்லிடலாம். யாரும் மேல கேக்க மாட்டாங்க.

ஒட்டடை: அவன் தலையிலயா? ஒடஞ்சதும் அவன் கை, தப்பும் அவன் தப்பா?

கேப்டன்: நான் உனக்காகத்தான்டா சொல்றேன்.

ஒட்டடை: எனக்காக வேணாம். நேராப் போய்ச் சொல்றேன். நான் சொன்னேன், அவன் போட்டான், கேப்டனுக்குத் தெரியாது, பின்னாடி நின்னு தூக்கினதால கை தெரியல…

கேப்டன்: ஆமா. பின்னாடி நின்னுதான் தூக்கினேன். கை தெரியவே இல்ல.

ஒட்டடை: …

கேப்டன்: என்ன?

ஒட்டடை: கண்ணுல பவுடர்னு சொன்னியே.

கேப்டன்: ரெண்டும்தான். பின்னாடி நின்னேன், பவுடரும் விழுந்துச்சு. ஏன்டா இப்படி வார்த்தை வார்த்தையா பிடிக்கிற?

ஒட்டடை: இல்ல… நான் ஒண்ணும் பிடிக்கல.

கேப்டன்: ராத்திரி ஒழுங்காத் தூங்கல. எனக்கும் எதுவும் சரியா ஞாபகம் இல்ல.

ஒட்டடை: ஏன் தூங்கல?

கேப்டன்: தூக்கம் வரல. …நர்ஸம்மா கூப்பிடறாங்க. கட்டு முடிஞ்சிருக்கும். எழுந்திரு.

ஒட்டடை: நான் வரலடா. அவன் மூஞ்சியை எப்படிப் பாக்கறது?

கேப்டன்: அப்ப இங்கயே இரு. நான் மட்டும் பாத்துட்டு வரேன்.

ஒட்டடை: …இல்ல, வரேன். அவங்கம்மா ரெண்டு பேரும்னு சொன்னாங்க.

கேப்டன்: உள்ள போய் எதுவும் உளறாத. ஊசி போட்டிருக்காங்க, அவனுக்கு நிதானம் இருக்காது.

பல்லி: யாரு… கேப்டனா? வாங்கண்ணே. ஒட்டடைண்ணே, தலையைக் குனிஞ்சு வாங்க, மேல ஃபேன் இருக்கு.

ஒட்டடை: டேய்… எப்படிடா இருக்க?

பல்லி: மெத்தை நல்லாருக்குண்ணே. நம்ம ஜிம்முல இப்படி ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா நீங்கல்லாம் எப்பவோ ஜெயிச்சிருப்பீங்க.

ஒட்டடை: வலிக்குதா?

பல்லி: வலி எங்கயோ தூரத்துல இருக்கு. ஊசி போட்டாங்க. கையே என் கை மாதிரி தெரியல. பக்கத்துல யாரோ ஒருத்தன் படுத்திருக்கற மாதிரி இருக்கு. …கேப்டன், ஏன் கதவுகிட்டயே நிக்கறீங்க? கிட்ட வாங்க.

கேப்டன்: நீ பேசாம படு. தெம்பு வேணும்.

பல்லி: எங்கம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?

ஒட்டடை: வந்துட்டு இருக்காங்க.

பல்லி: எனக்கு அதுதான் பயமா இருக்கு. நேத்துதான் சனிக்கிழமைக்கு லீவு சொல்லிட்டு வந்தாங்க, நான் ஏறதைப் பாக்கணும்னு. கூட வேலை செய்யறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்கண்ணே. …மாஸ்டர் அந்தப் பக்கக் கதவு வழியா வந்தாரு. கட்டு போடும்போதே கேட்டுக்கிட்டே இருந்தாரு.

கேப்டன்: என்ன கேட்டாரு?

பல்லி: பெரியவரை யாரு போடச் சொன்னாங்கன்னு.

கேப்டன்: நீ என்ன சொன்ன?

பல்லி: யாரும் சொல்லல, நானா ஆசைப்பட்டுப் போட்டேன்னு சொன்னேன். மேட்டுக் காலேஜ் பசங்க மாத்தி வச்சாங்களான்னாரு. இல்ல சார், அவங்க பாவம்னு சொன்னேன். உங்க ரெண்டு பேரு பேரும் என் வாயில வரல.

கேப்டன்: நல்லது. தூங்கு. நாங்க வெளியதான் இருப்போம்.

ஒட்டடை: என்னடா நல்லது? …பல்லி, இங்க பாரு. நான் நேத்து சொன்னது பொய்டா. மூணு சுத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எவனும் பெரியவரைக் கையில போட்டதில்ல. நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். என்னால உன் கை… என்னை என்ன வேணா திட்டு.

பல்லி: பொய்யுன்னு எனக்கு நேத்தே தெரியும்ணே.

ஒட்டடை: என்ன?

பல்லி: நீங்க பொய் சொன்னா காது ரெண்டும் செவந்துடும். ஜிம்முல எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.

ஒட்டடை: பொய்யுன்னு தெரிஞ்சா அப்புறம் ஏன்டா போட்ட?

பல்லி: உங்களை மாட்டி விடத்தான். போட்டுட்டுப் போய் கேப்டன்கிட்ட காட்டுவேன், அவரு எவன்டா சொன்னான்னு கேப்பாரு, நான் உங்களைக் கை காட்டுவேன். நீங்க தண்டால் எடுக்கறதைப் பாக்கணும்னு ஆசை. உங்க கால் ரிங்கு தொங்கற இடம் வரைக்கும் நீளும்ல.

கேப்டன்: பல்லி, போதும். டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.

பல்லி: அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலண்ணே.

ஒட்டடை: இருடா, அவன் சொல்லட்டும். …காட்டறதுக்குத்தானே போட்ட? அப்ப ஏன் காட்டல?

பல்லி: காட்டினேனே.

ஒட்டடை: யாருகிட்ட?

பல்லி: கேப்டன்கிட்டதான். முன்னாடி போய் நின்னு ரெண்டு கையையும் நீட்டினேன். இப்படி… இந்தக் கை வர மாட்டேங்குது. அந்தச் செவப்பு நூலைக்கூட கட்டை விரலால தடவிப் பாத்தாரு.

ஒட்டடை: …

கேப்டன்: …

ஒட்டடை: டேய். என் மூஞ்சியைப் பாரு. என் மூஞ்சியைப் பாருடா.

கேப்டன்: …

பல்லி: அவரைத் திட்டாதீங்கண்ணே. நான் திட்டு வாங்கலாம்னுதான் நின்னேன். ரொம்ப நேரம் என் கையையே பாத்தாரு. அப்புறம் ஒண்ணும் சொல்லாம பின்னாடி வந்து இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி விட்டாரு. அப்பத்தான்ணே எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. கேப்டனே பாத்துட்டுத் தூக்கி விடறாருன்னா, நீங்க சொன்னது நெஜமாத்தான் இருக்கும்னு.